பாடுவோருக்காக எழுதியவர்கள்: அமெரிக்கத் தென்மாநிலச் சுவிசேஷப் பாட்டாசிரியர்களும் அவர்களின் துதிப்பாடல்களும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில், உள்நாட்டுப் போர் முடிந்த பின் வந்த நூறாண்டுகளில், சுவிசேஷப் பாடல்களை எழுதிக் குவித்தவர்களைப் பற்றியது இந்தச் சொற்பொழிவு. குவித்தவர்கள் என்பது மிகையன்று. ஆல்பர்ட் பிரம்லி ஒருவரே அறுநூறு பாடல்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். இங்கிலாந்திலிருந்து குடியேறி இந்தப் பதிப்பகங்களுக்கு வரிகள் எழுதித் தந்த ஜேம்ஸ் ரோ என்பவரின் கணக்கு ஆயிரங்களில் போகிறது. இவ்வளவு எழுதியவர்களுக்கு இலக்கிய வரலாற்றில் இடமில்லை. பாடல் வரிகளைத் தனியே எடுத்துப் படித்த திறனாய்வாளர்கள், தேய்ந்த உருவகங்களும் எளிதில் ஊகிக்கக்கூடிய எதுகைகளும்தான் இவற்றில் உள்ளன என்று ஒதுக்கிவிட்டார்கள். இசைத்துறையின் வரலாற்றை எழுதியவர்களோ மேடையேறிய நால்வர் குழுக்களையும் இசைத்தட்டுகளையும் பின்தொடர்ந்து போனார்கள். எழுதியவர் பெயர் அங்கே அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்பது என் வாதம். இந்தப் பாடல்கள் படிப்பவருக்காகவோ கேட்பவருக்காகவோ எழுதப்பட்டவை அல்ல. நால்வகைக் குரலில் தாமே பாடப்போகிற குடியானவர்களுக்காக எழுதப்பட்டவை. இவற்றில் குறையென்று சொல்லப்படுபவற்றுள் பெரும்பகுதி அந்த நோக்கத்திலிருந்து பிறந்தது. பாடியவர்கள் கேட்பவர்களாக மாறியபோது பாட்டின் உடலே மாறிப்போனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எழுத்தாளர்களின் கைத்திறன் புலப்படும்.

கதை கவிதையில் தொடங்கவில்லை, சுரக்குறியில் தொடங்குகிறது. 1801இல் வெளிவந்த ‘ஈஸி இன்ஸ்ட்ரக்டர்’ என்ற பாடநூல் சுரங்களை வட்டமாக மட்டும் எழுதாமல் முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று நான்கு வடிவங்களில் அச்சிட்டது. 1846இல் ஜெஸ்ஸி ஐக்கின் தன் ‘கிறிஸ்டியன் மின்ஸ்ட்ரல்’ நூலில் அதை ஏழு வடிவங்களாக விரித்தார். டோ முதல் டி வரை ஒவ்வொரு சுரத்துக்கும் தனி உருவம் கிடைத்தது. இதன் பயனைத் தமிழ் வாசகர் எளிதில் உணரலாம். ஆதார சுருதி எங்கே நின்றாலும் சட்ஜம் சட்ஜம்தான் என்பது நம் இசையின் அரிச்சுவடி. ஐரோப்பியக் குறிமுறையிலோ, பாட்டு எந்தச் சுருதியில் தொடங்குகிறது என்று கணக்குப் போட்டால்தான் ஒரு கோட்டில் நிற்கும் புள்ளி எந்தச் சுரம் என்பது தெரியும். வடிவக்குறி அந்தக் கணக்கை எடுத்துவிட்டது. முக்கோணத்தைக் கண்டால் டோ, சதுரத்தைக் கண்டால் லா. சுருதி எதுவானால் என்ன? பாஸ்டன் முதலிய வடக்கு நகரங்களில் லோவல் மேசனும் அவரைச் சார்ந்த இசைச் சீர்திருத்தக்காரர்களும் இத்தகைய நாட்டுப்புற முறைகளைக் கீழானவை என்று தள்ளி, ஐரோப்பிய முறையைப் பள்ளிகளில் நிலைநாட்டினார்கள். தெற்கின் கிராமங்களில் இந்த வடிவங்கள் விடாமல் பிழைத்தன. காரணம் பழமைப்பற்று மட்டுமல்ல. பியானோ வாங்க வசதியில்லாத, ஆண்டில் பத்து நாள் மட்டுமே பாட்டுக்கு ஒதுக்க முடிந்த உழவருக்கு, பார்த்த மாத்திரத்தில் தன் குரலுக்கான வரியைப் பாடக் கற்றுத்தரும் முறை வேறு இல்லை.

வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் ஜோசப் ஃபங்க் என்ற மெனோனைட் சபைப் பெரியவர் 1832இல் ஒரு பாட்டுநூலை வெளியிட்டு, பிறகு சொந்த அச்சகமும் வைத்து, அந்த ஊரையே பாட்டுக்குப் பெயர்போன இடமாக ஆக்கினார். ஊரின் பெயரே சிங்கர்ஸ் கிளென் என்றாகிவிட்டது. அவருடைய பேரன் ஆல்டின் கீஃபர் போரில் தெற்குப் படையில் இருந்தார். கீஃபரின் தங்கையை மணந்த எஃப்ரேம் ரூபுஷ் வடக்கின் பக்கம் நின்றார். போர் முடிந்ததும் இந்த மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து பதிப்பகம் தொடங்கினார்கள். 1870 முதல் ‘மியூசிக்கல் மில்லியன்’ என்ற இதழை நடத்தி, வடிவக்குறிக்காக ஏறத்தாழ ஒரு போர்ப் பிரச்சாரமே செய்தார்கள். 1874இல் நியூ மார்க்கெட் ஊரில் இசை ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்கள். பிந்திய தலைமுறையின் பாட்டாசிரியர்கள் பலரும் இந்தப் பள்ளியின் வாரிசுகள், அல்லது வாரிசுகளின் வாரிசுகள். இதில் கவனிக்க வேண்டியது, இவர்கள் எவரும் முதலில் கவிஞர்களாக வரவில்லை என்பதே. ஊர் ஊராகச் சென்று, ஆலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ பத்துப் பதினைந்து நாள் தங்கி, சுரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் பாட்டுநூல்களை விற்று வந்த வாத்தியார்கள் அவர்கள். மாணவருக்கு எந்த இடைவெளி கடினம், எந்த ஊரில் பாஸ் எனும் கீழ்க்குரல்கள் கனமாக இருக்கும், எத்தனை சரணத்துக்கு மேல் மூச்சுத் தளரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாட அனுபவம்.

இந்தப் பின்னணியோடு ஒரே பாட்டை எடுத்துப் பார்ப்போம். அந்தோணி ஷோவால்ட்டர் ஜார்ஜியாவின் டால்டன் ஊரில் பதிப்பகம் நடத்தியவர். 1887இல் அலபாமாவின் ஹார்ட்செல் ஊரில் பாட்டுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தபோது, பழைய மாணவர் இருவரிடமிருந்து தனித்தனியே கடிதங்கள் வந்தன. இருவருமே மனைவியைப் பறிகொடுத்திருந்தார்கள். ஆறுதல் எழுத உட்கார்ந்த ஷோவால்ட்டர் உபாகமம் 33ஆம் அதிகாரத்தின் 27ஆம் வசனத்தை எடுத்துக்காட்டினார். அதிலிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு பல்லவியும் அதன் மெட்டும் மட்டுமே. சரணங்களை எழுதித்தரும்படி வடக்கே இருந்த எலைஷா ஹாஃப்மன் என்ற போதகருக்கு அஞ்சலில் எழுதினார். அவரும் எழுதி அனுப்பினார். ‘லீனிங் ஆன் தி எவர்லாஸ்டிங் ஆர்ம்ஸ்’ என்று உலகமெங்கும் பாடப்படும் பாட்டு உருவான வரலாறு இவ்வளவுதான். கவிதையை ஒரு மனத்தின் தனி வெளிப்பாடு என்று கொள்பவருக்கு இந்தச் செய்தி ஏமாற்றம் தரலாம். ஆனால் பல்லவி முதலில், சரணம் பிறகு, அதுவும் வேறொருவர் கையால் என்ற வரிசை தற்செயலானது அன்று. பல்லவி எல்லாரும் சேரும் இடம். புதிதாக வந்தவரும் இரண்டாம் முறை கேட்டவுடன் கூடப் பாடிவிடுகிற இடம். இந்தப் பாட்டின் பல்லவியில் மேற்குரல் ஒரு சொல்லை நீட்டி நிற்கும்போது கீழ்க்குரல்கள் அதற்கு எதிரொலி கொடுக்கின்றன. சாய்ந்துகொள்வதைப் பற்றிய பாட்டில் ஒரு குரல் மற்றொரு குரலின்மேல் உண்மையாகவே சாய்கிறது. அச்சிட்ட வரியை மட்டும் படிப்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது. மனைவியை இழந்த அந்த இரு மாணவர்களும் இதைத் தனியே அமர்ந்து படிக்கப்போவதில்லை, தம் ஊர்ச் சபையில் நாலு பேர் நடுவே நின்று பாடப்போகிறார்கள் என்பது வாத்தியாருக்குத் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த முறை தொழிலாக விரிந்தது. டென்னசியின் லாரன்ஸ்பர்க் ஊரில் பதிப்பகம் நடத்திய ஜேம்ஸ் டி. வாகன் 1900இல் தன் முதல் பாட்டுநூலை வெளியிட்டார். 1910இல் நூல் விற்பனைக்காகச் சம்பளம் கொடுத்து ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பினார். தென்மாநிலச் சுவிசேஷ இசையின் தொழில்முறைக் குழுக்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. 1920களின் தொடக்கத்திலேயே சொந்த இசைத்தட்டுகளும் சொந்த வானொலி நிலையமும் அவருக்கு இருந்தன. அவரிடம் வேலை பார்த்த வர்ஜில் ஸ்டாம்ப்ஸ் 1924இல் டெக்சஸில் தனிக்கடை போட்டார், ஜே. ஆர். பாக்ஸ்டர் அவரோடு சேர்ந்தார். 1929 முதல் டல்லஸ் நகரம் அவர்களுக்குத் தலைமையிடம். ஆர்கன்சாவின் ஹார்ட்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஈ. எம். பார்ட்லெட் 1918இல் தொடங்கிய நிறுவனம் இன்னொன்று. ஆண்டுதோறும் மெல்லட்டையில் புதுப் பாட்டுநூல் வரும். வட்டாரம் வட்டாரமாகக் கன்வென்ஷன்கள் கூடும். தமிழ்க் கிறிஸ்தவருக்குக் கன்வென்ஷன் என்றால் பிரசங்கக் கூட்டம். அங்கே அது பாடுவதற்கென்றே கூடும் கூட்டம். ஞாயிறு முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர் முன்னே வந்து ஓர் எண்ணைச் சொல்லுவார். யாரும் அதுவரை பாடியிராத புதுப் பாட்டை எல்லாரும் பார்த்தபடியே பாடுவார்கள். நடுவில் மரத்தடியில் வீட்டுச் சாப்பாடு. கேட்க வந்தவர் என்று தனியாக ஒரு வகுப்பு அங்கே கிடையாது என்றே சொல்லலாம். இந்தப் பழக்கம்தான் பாட்டாசிரியரிடம் ஆண்டுக்கு ஆண்டு புதுச் சரக்கைக் கேட்டது. நான்கு குரலுக்கும் வேலை கேட்டது. பாஸ் குரல் முன்னே ஓட மற்றவை பின்தாளத்தில் சொற்களைத் தெறிக்கும் அந்தத் துள்ளல் நடையையும் கேட்டது.

பிரம்லியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1905இல் இன்றைய ஓக்லஹோமாவின் ஸ்பைரோ அருகே பருத்திக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். 1926இல் கையில் காசில்லாமல் ஹார்ட்ஃபோர்டுக்குப் போய், படிக்க வேண்டும் என்று பார்ட்லெட்டின் முன் நின்றார். பார்ட்லெட் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. 1929 வாக்கில் தந்தையின் வயலில் பருத்தி எடுத்துக்கொண்டே, வெர்னன் டால்ஹார்ட் இசைத்தட்டில் பாடிப் புகழ்பெற்ற ‘பிரிசனர்ஸ் சாங்’ என்ற கைதியின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதுதான் ‘ஐல் ஃப்ளை அவே’ மனத்தில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். கைதியின் சிறகு ஆசை விசுவாசியின் சிறகாக ஆனது. 1932இல் ஹார்ட்ஃபோர்டு நிறுவனத்தின் ‘வொண்டர்ஃபுல் மெசேஜ்’ நூலில் அது அச்சேறியது. இன்று மிக அதிகமாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட சுவிசேஷப் பாடல்களில் ஒன்று அது. 2000இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ திரைப்படத்தின் இசைத்தொகுப்பு வழியாகத் தேவாலயப் பக்கமே போகாதவர்களிடமும் அது போய்ச்சேர்ந்தது. கொடுக்கல் வாங்கல் ஒருவழியில் மட்டும் ஓடவில்லை. கன்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் புகழ்பெற்ற ‘ஐ சா தி லைட்’ பாட்டின் மெட்டு பிரம்லியின் ‘ஹி செட் மி ஃப்ரீ’யை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதை இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் உடனே உணர்வார். பார்ட்லெட்டும் இப்படித்தான். பக்கவாதத்தால் விழுந்த 1939இல் ‘விக்டரி இன் ஜீசஸ்’ என்ற வெற்றிப் பாட்டை எழுதியவர், ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு காத்திருக்கச் சொல்லும் ஒரு வேடிக்கைப் பாட்டையும் எழுதியிருந்தார். அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பிறகு கன்ட்ரி இசைப் பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் அதைப் பாடிப் பெயர் வாங்கினார். புனிதத்துக்கும் உலகியலுக்கும் இடையே வேலி போட்டுக்கொண்டு எழுதியவர்கள் அல்லர் இவர்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வரிகளின் தரம் பற்றியது. நதி, கரை, விடியல், மாளிகை, பொற்தெரு. உருவகங்களின் பட்டியல் இவ்வளவில் முடிந்துவிடுகிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பார்த்த கணத்தில் பாடவேண்டிய பாட்டில் சொல்லும் புதிதாக, சுரமும் புதிதாக இருந்தால் பாடுபவர் திணறிப்போவார். சொல் பழகியதாக இருந்தால்தான் கண் சுரத்தில் நிற்கும். புதுமை முழுவதையும் இவர்கள் குரல்களின் ஊடாட்டத்தில் வைத்தார்கள். இதையொட்டி இன்னும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு: பாடுபவர் கூட்டத்துக்காக எழுதினார்கள் என்றால், இந்தப் பாடல்களில் ‘நான்’ ஏன் இவ்வளவு மிகுதி? பறக்கப்போகிறவன் நான், கையைப் பிடிக்கச் சொல்பவன் நான் என்றுதானே பிரம்லி எழுதினார்? எழுதினார். அந்த ‘நானை’ இருநூறு பேர் ஒரே நேரத்தில், நான்கு அடுக்கில், ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லிப் பாடுகிறார்கள். தனியொருவரின் ஆன்மிக அறிக்கை என்று தாளில் தோன்றுவது, பாடும் அரங்கில் எவரும் எடுத்து அணியக்கூடிய பொது உடைமையாகிவிடுகிறது. ஒவ்வொருவரும் தம் சாவைத் தாமே சாக வேண்டியிருப்பதால் ‘நான்’ தேவை. அதைத் தனியே எதிர்கொள்ள முடியாததால் அந்த ‘நானை’ ஊரே சேர்ந்து பாட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு வணிகம். துதியைச் சரக்காக்கி விற்றார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே சபைகளுக்குள் எழுந்தது. பாடல்களின் உரிமை பெரும்பாலும் பதிப்பகத்திடம் போனது. எழுதியவருக்குக் கிடைத்தது சொற்பம். பிரம்லி 1948இல் ஹார்ட்ஃபோர்டு நிறுவனத்தையே விலைக்கு வாங்கினார். தன் பழைய பாடல்கள் அதன் வழியாகத்தான் அவர் கைக்குத் திரும்பின. நூற்றில் தொண்ணூறு பாட்டு அடுத்த ஆண்டின் நூல் வந்ததும் மறக்கப்பட்டது என்று சொன்னாலும் பெரிய தவறாகாது. இவற்றை மறுக்க நான் முயலவில்லை. ஆனால் அந்த வணிகம் எதை விற்றது என்று கேட்க வேண்டும். அது விற்றது பாடும் திறனை. சுரம் தெரியாதவருக்கு நூல் பயன்படாது. ஆகவே நூல் விற்க வேண்டுமானால் முதலில் சுரம் கற்பிக்க வேண்டும். வாகனும் ஸ்டாம்ப்ஸும் பாக்ஸ்டரும் பள்ளிகள் நடத்தியது தருமத்துக்காக அல்ல, வாடிக்கையாளரை உருவாக்குவதற்காக. இருந்தும் அதன் விளைவாக, எட்டாம் வகுப்பைத் தாண்டாத பலர் நான்கு குரல் இசையைத் தாளில் பார்த்துப் பாடக் கற்றார்கள். பின்னால் வந்த ஒலிநாடா வணிகத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது மறுப்பு கனமானது. குத்தகை உழவும் கடனும் புழுதிப் புயலும் மக்களை வாட்டிய 1930களில், இந்தப் பாடல்கள் மறுமையைக் காட்டி இம்மையின் அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னன என்பது அது. தொழிற்சங்கப் பாட்டாசிரியர் ஜோ ஹில் 1911லேயே ஒரு வடநாட்டுச் சுவிசேஷப் பாட்டைக் கிண்டல் செய்து, வானத்தில் பலகாரம் கிடைக்கும் என்று ஏமாற்றும் போதகரைச் சாடியிருந்தார். நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி இன்னும் நேரடியாகப் போனார். பிரம்லியின் இசையமைப்பில் நூல்களில் வந்த, கார்ட்டர் குடும்பம் 1931இல் இசைத்தட்டில் பாடிய ‘திஸ் வேர்ல்ட் இஸ் நாட் மை ஹோம்’ பாட்டை எடுத்து, இந்த உலகத்தில் எனக்கு வீடே இல்லாமல் செய்தவர் யார் என்று கேட்கும் பாட்டாகத் திருப்பினார். கத்ரியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நில உடைமையாளரையோ பருத்தி விலையையோ பற்றி ஒரு சொல் இந்தத் துதிநூல்களில் தேடினாலும் கிடைக்காது. இந்த மௌனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பாட்டு செயலை முடக்கியது என்ற முடிவுக்கு மட்டும் சான்று துணைபோகவில்லை. 1934இல் ஆர்கன்சாவின் டைரன்சா ஊரில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து தென்மாநிலக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் கூட்டங்களில் பாடப்பட்டவற்றில் ஆலயப் பாட்டுகளை மாற்றி எழுதியவை முதன்மையானவை. ‘வீ ஷல் நாட் பி மூவ்டு’ அவற்றில் ஒன்று. ஜான் ஹாண்ட்காக்ஸ் என்ற கறுப்பின உழவர் பழைய மெட்டுகளில் சங்கப் பாட்டுகளைப் புனைந்தார். சேர்ந்து பாடத் தெரிந்த கூட்டம் எதற்காகவும் சேர்ந்து பாடும். கத்ரிக்கே தன் மறுப்பை எழுத அந்த மெட்டுத்தான் தேவைப்பட்டது.

நான்காவது மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை, இருக்கவும் கூடாது. நான் இதுவரை பேசிய கன்வென்ஷன்கள் நிறப்பிரிவினைச் சட்டங்கள் ஆண்ட நாட்டில் வெள்ளையரின் கூட்டங்களாக நடந்தன. எல்லாரும் பாடுவோர் என்று நான் சொன்ன ‘எல்லாரு’க்குள் பக்கத்துத் தெருவின் கறுப்பினச் சபை இல்லை. வடிவக்குறியோ இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது: அலபாமாவின் ஓசார்க் ஊரில் ஜட்ஜ் ஜாக்சன் 1934இல் ‘தி கலர்டு சேக்ரட் ஹார்ப்’ என்ற நூலை வெளியிட்டார். பாடல்களும் சுவரைத் தாண்டிப் போய்வந்தன. ‘ஜஸ்ட் எ லிட்டில் டாக் வித் ஜீசஸ்’ வெள்ளையர் நால்வர் குழுக்களின் பாஸ் பாடகர்களுக்கு இன்றும் முத்திரைப் பாட்டு. அதை எழுதியவர் கிளீவன்ட் டெரிக்ஸ் என்ற கறுப்பினப் போதகர். 1937இல் ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் நூலில் அது வெளிவந்தது. பணத்துக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது பாட்டுநூல்களின் கட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கறுப்பினப் பாட்டாசிரியர் தாமஸ் டார்சி 1932இல் பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்த துயரில் எழுதிய ‘பிரெஷியஸ் லார்ட்’ பாட்டும், ரெட் ஃபோலி 1951இல் இசைத்தட்டில் பாடி நாடெங்கும் பரப்பிய அவருடைய ‘பீஸ் இன் தி வேலி’யும் வெள்ளைச் சபைகளின் சொத்தாகவே ஆகிவிட்டன. பாட்டை ஏற்ற அவை பாட்டாசிரியரை உள்ளே ஏற்கவில்லை. பாடுவோருக்காக எழுதப்பட்ட பாட்டு என்ற என் வாதத்தை இது குலைக்கவில்லை. எந்தப் பாடுவோர் என்ற எல்லைக்கோட்டை அதன்மேல் கட்டாயம் வரைந்துவிடுகிறது. தென்மாநிலச் சுவிசேஷப் பாட்டை வெள்ளையரின் தனிப் படைப்பாக எழுதும் வரலாறு எதையும் டெரிக்ஸின் பெயர் இல்லாமல் நம்பக் கூடாது.

அடுத்து நேர்ந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாகனின் நால்வர் குழு நூல் விற்க அனுப்பப்பட்ட விளம்பரம். நாற்பது ஆண்டுக்குள் விளம்பரமே சரக்காகிவிட்டது. 1927இல் வர்ஜிலின் தம்பி ஃபிராங்க் ஸ்டாம்ப்ஸின் குழு விக்டர் நிறுவனத்துக்காக இசைத்தட்டில் பாடியது; 1936 முதல் டல்லஸின் கே.ஆர்.எல்.டி. வானொலி ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் குழுவை வீடுகளுக்குள் கொண்டுபோனது; 1948இல் வாலி ஃபவுலர் நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் விடிய விடியப் பாட்டு நிகழ்ச்சியைக் கட்டணம் வைத்து நடத்தினார். பிரம்லி 1938லேயே வானொலியைத் திருப்பச் சொல்லி ‘டர்ன் யுவர் ரேடியோ ஆன்’ எழுதிவிட்டார் என்பது, திரும்பிப் பார்க்கையில், சற்றே குறும்பான செய்தி. மேடைக்கு எழுதப்பட்ட பாட்டின் கட்டமைப்பு வேறு. மோசி லிஸ்டரின் ‘வேர் நோ ஒன் ஸ்டாண்ட்ஸ் அலோன்’ (1955) ஒரு தனிக்குரலின் மெல்ல உயரும் வேண்டுதல். மற்ற மூவர் பின்னணி. டாட்டி ராம்போவின் ‘வீ ஷல் பிஹோல்டு ஹிம்’ பயிற்சி பெற்ற பாடகரின் வீச்சைக் கேட்கிறது. உச்சத்தில் அரங்கம் எழுந்து நிற்கும், கூடப் பாடாது. பில், குளோரியா கெய்தர் இணையர் தெற்கே அல்ல, இந்தியானாவில் வாழ்பவர்கள். பில் எழுதிய ‘ஹி டச்டு மி’ பாட்டைத் தலைப்பாக வைத்து எல்விஸ் பிரெஸ்லி வெளியிட்ட தொகுப்புக்கு 1972இன் கிராமி விருது கிடைத்தது. இவை தாழ்ந்த பாடல்கள் அல்ல. ராம்போவின் சொற்கட்டு பிரம்லியினுடையதைவிட நுணுக்கமானது என்பதே என் கணிப்பு. தாளில் வைத்துப் படித்தாலும் தாங்கும். தாளில் தாங்கும் பாட்டும் கூட்டத்தில் தாங்கும் பாட்டும் ஒன்றல்ல என்பதற்கு அதுவே சான்று.

இது பழையதைப் போற்றும் ஏக்கம் என்று சொல்லலாம். கெய்தர் இணையரின் ‘பிகாஸ் ஹி லிவ்ஸ்’ 1971இல் எழுதப்பட்டு இன்று பல நாட்டுச் சபைகளில் மக்களே பாடும் பாட்டாகிவிட்டதே, மேடைப் பாட்டு மக்களிடம் திரும்பி வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது, ஆனால் ஒற்றை மெட்டாக வந்தது. ஆல்ட்டோவுக்கும் பாஸுக்கும் தனி வேலை இல்லாமல், இசைக்குழுவின் பின்னால் எல்லாரும் ஒரே வரியைப் பாடும் வடிவில் வந்தது. 1991இல் தொடங்கிய கெய்தரின் ‘ஹோம்கமிங்’ ஒளிப்பதிவுகள் முதிய பாடகர்களை வட்டமாக உட்காரவைத்துப் பழைய கன்வென்ஷனை நினைவூட்டின. அவையும் பார்ப்பவருக்காக எடுக்கப்பட்டவைதாம். இன்னொரு பக்கம், மூல வழக்கம் செத்துவிடவும் இல்லை. ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் நிறுவனம் 1974இல் கைமாறிய பின்னும், அலபாமாவிலும் டெக்சஸிலும் ஆர்கன்சாவிலும் சிறு பதிப்பாளர்கள் வடிவக்குறியில் புதுநூல் அச்சிட்டுக் கன்வென்ஷன் நடத்தி வருகிறார்கள். ஆர்கன்சாவின் பிராக்வெல் ஊரில் கோடைப் பாட்டுப் பள்ளி இன்றும் நடக்கிறது. கூட்டம் சிறுத்திருக்கிறது, வயது ஏறியிருக்கிறது; பாடும் முறை மாறவில்லை.

இந்தப் பாடல்களை ஆராய முன்வரும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்காதீர்கள். வரிகளை மட்டும் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுதாதீர்கள். 1930களின் ஹார்ட்ஃபோர்டு நூலோ ஸ்டாம்ப்ஸ்-பாக்ஸ்டர் நூலோ ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நான்கு பேர் உட்கார்ந்து ஏழு வடிவங்களையும் ஒரு வாரம் பழகுங்கள். பிறகு பல்லவியின் பாஸ் வரியை ஒருவர் எடுத்துப் பாடுங்கள். மற்ற மூவர் பதில் சொல்லட்டும். பாட்டாசிரியரைப் பற்றிய தீர்ப்பை அதற்குப் பிறகு எழுதுங்கள்.